சாமி சொன்னதை அம்மாவிடம் சொல்லக் கூடாது

சமய ஆய்வின் எல்லாத் துறைகளிலிருந்தும் கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன என்று ஓர் ஆய்விதழின் அழைப்பு தொடங்கியது. கல்லூரியில் என்னோடு வேலை பார்க்கும் தோழி அதை வாட்ஸப்பில் அனுப்பி, 'உன்னத்தான் கூப்பிடுறாங்க, போய்ச் சேரு' என்று ஒரு வரியும் சேர்த்திருந்தாள். வரலாறு, தத்துவம், சடங்கு, கோயில் கலை, நாட்டார் வழிபாடு, மதமும் மனநலமும், மதமும் பெண்களும் என்று ஒன்று விடாமல் அடுக்கியிருந்தார்கள். பங்காளி ஒருத்தன் பெயர் விட்டுப்போனாலும் சண்டை வரும் என்று பயந்து அச்சடித்த கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. சிரித்துக்கொண்டேதான் படித்தேன். ஆனால் படித்து முடித்தபோது, இத்தனை பெரிய பந்தியில் எனக்கும் ஓர் இலை போட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது.

நான் வரலாறு கற்பிக்கிறேன். ஆராய்ச்சி செய்தது தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில்களைப் பற்றி. எந்தத் தோட்டத்துக்கு எந்தச் சாமியை யார் கொண்டுவந்தார்கள், இலங்கையிலிருந்து திரும்பியவர்கள் எந்தச் சடங்கைக் கூடவே எடுத்துவந்தார்கள் என்று கேட்டால் மூச்சுவிடாமல் பேசுவேன். உனக்குச் சாமி நம்பிக்கை உண்டா என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன். எங்கள் துறையில் அதற்கு வசதி இருக்கிறது. சாமி உண்டா இல்லையா என்பது நம் கேள்வி இல்லை, மனிதர்கள் சாமியை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்பதுதான் நம் கேள்வி என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நானும் அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படிச் சொல்லிக்கொண்டே, எழுத ஏங்கி எழுத முடியாமல் வைத்திருந்த கட்டுரை ஒன்று என்னிடம் இருந்தது. அது என் அம்மாவைப் பற்றியது.

அம்மா நீலகிரியில் மஞ்சூருக்குக் கீழே ஒரு தோட்டத்துக் காலனியில் தனியாக இருக்கிறாள். சிறுமியாக இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவள். அப்பா நான் விவரம் தெரியாத வயதில் இருந்தபோதே போய்விட்டார். அதன் பிறகு கொழுந்து பறித்தே என்னை ஆளாக்கினாள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடச் சீருடை கிழிந்து நான் போனதில்லை, பசித்துப் படுத்ததில்லை. ஆனால் அன்பாக ஒரு வார்த்தை பேசியும் நான் கேட்டதில்லை. கூடப் படித்த பிள்ளைகளை அவர்கள் அம்மாக்கள் கண்ணு, தங்கம் என்றெல்லாம் கொஞ்சுவார்கள். எனக்கு வாய்த்த பெயர் "இந்தா". இந்தா, தண்ணி எடுத்துட்டு வா. இந்தா, விளக்க அமத்து. கல்லூரி விடுதிக்குப் போகிற அன்று நான் அழுதுகொண்டு நின்றபோது, "அங்கன தட்டு குடுப்பாங்களா, நாம கொண்டு போகணுமா?" என்று கேட்டாள். என் கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவள் அழுவாள் என்று எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, அவள் சமையல்காரரிடம் சம்பந்தி வீட்டாருக்குத் தேத்தண்ணி போய்ச் சேர்ந்ததா என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்த காலம் உண்டு. பிறகு அது ஏக்கமாக மாறி அப்படியே தங்கிவிட்டது. பேருந்தில் முன் இருக்கையில் எவளாவது ஒருத்தி மகளின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனால், இந்த வயதிலும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்த அம்மாவுக்கு வருஷத்தில் ஒரு நாள் சாமி வரும். சித்திரைத் திருவிழாவில் ஓடைக்கரையில் கரகம் பாலிப்பார்கள். குடத்துக்கு வேப்பிலையும் பூவும் சுற்றி ஜோடித்து அம்மனை அதில் இறக்குவதற்கு அங்கே அப்படிச் சொல்வது வழக்கம். கரகம் தலைக்கு ஏறியதும் அம்மாவின் உடம்பு முறுக்கிக்கொள்ளும். தப்பு மேளம் முழங்க ஏற்றத்தில் கிட்டத்தட்ட ஓடியே கோயிலுக்கு வருவாள். வாசலில் நின்று வாக்குச் சொல்வாள். எல்லைக்கு மழை தருகிறேன், வாசப்படிக்கு நோய் நொடி வராமல் காக்கிறேன் என்கிற பொதுவான வாக்குதான் பெரும்பாலும். எப்போதாவது கூட்டத்தில் ஒருவரைப் பார்த்துத் தனியாகவும் சொல்வாள்.

இதில் எங்கள் காலனிக்கென்று ஒரு கட்டுப்பாடு உண்டு. நான் பார்த்த வேறு எந்தத் தோட்டத்திலும் இவ்வளவு கறாராக இல்லை. சாமி இறங்கிய பிறகு, அது என்ன சொன்னது என்பதைச் சாமி வந்தவரிடம் யாரும் சொல்லக் கூடாது. சொன்ன வாய்க்கே வாக்கைத் திருப்பிக் கொடுத்தால், அந்த உடம்பில் மறுபடி சாமி வராது என்பது நம்பிக்கை. அதனால் அம்மா கண் விழித்ததும் எல்லோரும் ஒன்றுமே நடக்காதது போலப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எலுமிச்சைச் சாறைக் கையில் கொடுத்துவிட்டு, மேகம் கட்டியிருக்கிறது, மைக் செட்காரன் இன்னும் வயரைச் சுருட்டவில்லை என்று கதையளப்பார்கள். அம்மாவும் என்ன சொன்னேன் என்று கேட்க மாட்டாள். சின்ன வயதில் எனக்கு இதெல்லாம் பெரிய நாடகமாகத் தெரியும். ஆராய்ச்சிக்கு வந்த பிறகு நல்ல தரவாகத் தெரிந்தது.

என் கல்யாண வாழ்க்கை முறிந்து நான் கேத்தியில் வாடகை வீட்டுக்குத் தனியாக வந்த வருஷம் அது. கேரட் தோட்டத்தைப் பார்த்த சின்ன வீடு. பேச ஆள் கிடையாது. அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, "சரி" என்றாள். ஏன், என்ன ஆயிற்று, நீ எப்படி இருக்கிறாய், எதுவும் கேட்கவில்லை. திருவிழாவுக்குப் போனேன். ஊர்ப் பெரியவர்கள் சம்மதத்தோடு வழக்கம்போலக் கைபேசியில் பதிவு செய்துகொண்டு கோயில் வாசலில் நின்றேன்.

அம்மா பொது வாக்கைச் சொல்லி முடித்தாள். அதன் பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். மஞ்சள் தண்ணீர் சொட்டும் இரண்டு கைகளாலும் என் முகத்தைப் பிடித்தாள்.

"ஏன்டி தங்கம், தனியா ஒக்காந்து சோறு திங்கிறியே, தொண்டையில எறங்குதாடி? ஒம்மேல ஒரு கொறையும் இல்லடி. நீ நல்லவ. ஒருத்தன் வேணாம்னு சொல்லிட்டா நீ வேணாதவளாடி? நான் பாத்துக்கிட்டேதான்டி இருக்கேன்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாய்விட்டு அழுதேன். கல்யாணம் முறிந்ததற்குக்கூட நான் அப்படி அழவில்லை. அந்தப் பதிவில் படம் ஒன்றும் சரியாக இல்லை, வானமும் நாலைந்து பேர் கால்களும் தெரிகின்றன. குரல் மட்டும் துல்லியமாக இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அம்மா கண் விழித்தாள். யாரோ அவளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். என்னைப் பார்த்து, "இந்தா, எந்திரி, சேலையெல்லாம் சேறு" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு கேள்விதான். என்னைத் தங்கம் என்று கூப்பிட்டது யார்? காலனிக்காரர்களைக் கேட்டால் மாரியாத்தாதான் என்பார்கள், அதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. என் துறையைக் கேட்டால் அதற்கும் பதில் தயாராக இருக்கிறது. அன்றாடத்தில் வெளிப்பட வழியில்லாத தாய்மையின் உணர்வு சடங்கின் மொழியில் வெளிப்படுகிறது. இந்த வாக்கியத்தை நானேதான் எழுதினேன். எழுதிவிட்டு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பிணத்துக்கு நாடி பார்த்துச் சீட்டு எழுதியதுபோல இருந்தது. எனக்கு வேண்டியது விளக்கம் இல்லை. அது அம்மாதான் என்று அம்மா வாயால் கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. வீட்டில் தனியாக இருக்கும்போது அந்தப் பதிவை எத்தனையோ தடவை போட்டுக் கேட்டிருக்கிறேன். கேட்கிற நேரம் ஆறுதலாக இருக்கும், நின்ற பிறகு முன்னைவிட மோசமாக இருக்கும்.

அழைப்பின் கடைசியில் ஒரு நிபந்தனை இருந்தது. மனிதர்களின் ஒலிப்பதிவையோ ஒளிப்பதிவையோ பயன்படுத்தினால், சம்பந்தப்பட்டவர் அதைக் கேட்டு அறிந்து சம்மதித்திருக்க வேண்டும். நியாயமான நிபந்தனைதான். மற்ற எவருக்கும் அது ஒரு கையெழுத்து வேலை. எனக்கோ மனசுக்குள் மத்தாப்பு. அம்மாவைக் கேட்கவைக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. படிப்புக்காக, வேலைக்காக என்று சொன்னால் அவள் எதையும் மறுத்ததில்லை. கேட்ட பிறகு அவள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். சனிக்கிழமை காலை மஞ்சூர் பஸ் ஏறினேன்.

அம்மா வாசலில் பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி, லீவா?"

"ஆமாம்மா."

"சொல்லிட்டு வந்தா ரொட்டிக்கு மாவு பெசஞ்சு வச்சிருப்பேன்ல" என்று திட்டியபடியே உள்ளே போனாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தேன். ஒரு கட்டுரை எழுதப் போகிறேன், திருவிழாவில் பதிவு செய்ததை அதில் சேர்க்க வேண்டும், அதற்கு முன்னால் நீ அதைக் கேட்டாக வேண்டும், அது விதி என்றேன்.

"நான் பேசுனதா?"

"ஆமா."

"நான் எங்கடி பேசுனேன்? ஆத்தா பேசுனது. சம்மதம் வேணும்னா அவகிட்டப் போய்க் கேளு."

கட்டுரைப் படிவத்தில் கையெழுத்துப் போட மாரியம்மனைக் கூப்பிடச் சொல்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, அவகிட்டக் கேட்டுட்டா நீ இதக் கேப்பியா?" என்றேன். அம்மா யோசித்தாள். "வா" என்று செருப்பை மாட்டினாள்.

கோயில் பூசாரி கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துக்காரர். பகலில் மளிகைக் கடையும் வைத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க டீச்சர், படிச்சவிய நீங்களே இப்பிடிக் கேக்கலாமுங்களா? அதைச் சொல்லப்படாதுங்களே."

"ஆத்தா சரின்னு சொன்னா?"

"அவ சொல்லிட்டா அப்பறம் நாம என்னங்க பேசறது. பூக் கேட்டுப் பாத்தரலாம்."

பூக் கேட்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அம்மன் சிலையின் தலையில் நனைத்த பூவை ஒட்டவைத்துவிட்டுக் கேள்வியைக் கேட்பார்கள். வலது பக்கம் விழுந்தால் சரி, இடது பக்கம் விழுந்தால் வேண்டாம். அன்று சிவப்புச் செம்பருத்தி. அம்மா வாயால் வந்த வாக்கை அம்மாவிடமே சொல்லலாமா என்று பூசாரி கேட்டுவிட்டு மணியை அடித்தார். நாங்கள் மூவரும் நின்றோம். நான் பல கோயில்களில் பூக் கேட்பதைப் பார்த்துக் குறிப்பெடுத்திருக்கிறேன். ஒட்டும் ஈரம், சாய்வு, விளக்கின் சூடு என்று காரணங்களை வரிசையாகச் சொல்ல முடியும். அன்று அத்தனையும் மறந்துபோய், வலது பக்கம், வலது பக்கம், தாயே, வலது பக்கம் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

பூ வலது பக்கம் விழுந்தது. பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.  கைபேசியைப் பையிலிருந்து எடுத்தேன்.

அம்மா என் கையைப் பிடித்து அதை மறுபடி பைக்குள் தள்ளினாள்.

"வேணாம்."

"அம்மா, பூ விழுந்துருச்சு. அவளே சரின்னுட்டா."

"அவ சரின்னுட்டா. நான்தான் வேணாங்கிறேன்."

பூசாரி திகைத்துப் போனார். அம்மன் கொடுத்த உத்தரவை மறுக்கிற ஆளை அவர் அன்றுதான் பார்த்திருப்பார். அம்மா வெளியே நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். கோயிலுக்குப் பக்கத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகை ஆளில்லாமல் கிடந்தது. அங்கே போய்க் கட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டால் உனக்கு என்ன குறைந்துவிடும், எனக்காக இதுகூடச் செய்ய மாட்டாயா என்று கத்தினேன். அம்மா தேயிலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கத்தி ஓய்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அன்னைக்குக் கண்ணு முழிச்சப்ப, நீ சேத்துல ஒக்காந்து அழுதுகிட்டு இருந்த."

நான் கட்டையின் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"துக்கத்துல அழுவுறதுக்கும், ஆறி அழுவுறதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? நான் ஒன்னப் பெத்தவ. என்ன சொன்னாளோ, ஒனக்கு எதமாத்தான் சொல்லியிருக்கணும்."

"அதத்தாம்மா நீ கேக்கணும்னு சொல்றேன்."

"கேட்டுட்டா அப்பறம் எம்மேல வர மாட்டா. பூவு விழுந்தா என்ன, விழாட்டி என்ன, நான் அந்த வெளையாட்டுக்கு வரல." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அந்த மாதிரிப் பேச வராதுடி. நெனப்பேன், வாய் வராது. நீ சின்னப் புள்ளையா இருக்கையிலயும் வரல, இப்பயும் வரல. அவளும் வராமப் போயிட்டா, ஒனக்கு யாருடி சொல்லுவா?"

அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "இந்தா, வா, மாவு பெசையணும்" என்று நடந்தாள். நான் அந்தக் கட்டைமேல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு வருஷமாக நான் கேட்க ஏங்கிய பதில் அதுதானா என்றுகூட எனக்கு அப்போது புரியவில்லை. அவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. எங்களுக்குள் அந்தப் பழக்கம் கிடையாது. மத்தியானம் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டோம். பீன்ஸ் விலையைப் பற்றிப் பேசினோம்.

கட்டுரை அனுப்பவில்லை. தோழிக்குக் கோபம். இவ்வளவு நல்ல தரவை வைத்துக்கொண்டு பயந்து பின்வாங்குகிறாய் என்றாள். வேறு எதையாவது எழுது, எல்லாத் துறையும்தானே கேட்டிருக்கிறார்கள் என்றாள். கோயில் கல்வெட்டு, பூசை முறை என்று எழுத எவ்வளவோ இருந்தது. உட்கார்ந்தால் ஒரு வரி ஓடவில்லை. சாமி உண்டா இல்லையா என்பது நம் கேள்வி இல்லை என்று இப்போதும் வகுப்பில் சொல்கிறேன், முன்பிருந்த தைரியத்தோடு சொல்வதில்லை. யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், அவள் இருந்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. வருஷத்தில் ஒரு நாளாவது வந்து போக வேண்டும்.

இந்த வருஷம் அம்மாவுக்கு வலது முழங்கால் வீங்கிவிட்டது. நடக்கவே சிரமம். ஓடையிலிருந்து கோயில் வரை ஒரே ஏற்றம், அதில் கரகத்தோடு ஓடினால் விழுந்து எலும்பு முறியும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காலனியில் இன்னொரு பெண்ணுக்கும் சாமி வரும், கரகத்தை அவளிடம் கொடுத்துவிடலாம் என்று பூசாரி கேட்டுப் பார்த்திருக்கிறார். அம்மா பிடிகொடுக்கவில்லை. போன வாரம் அவர் எனக்குப் போன் செய்தார்.

"டீச்சர், நாங்க சொன்னா கேக்க மாட்டீங்கறாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா உட்ருவாங்க."

"கண்டிப்பாச் சொல்றேங்க" என்றேன். பெற்ற மகள் அதைத்தான் சொல்ல வேண்டும். சொல்லத்தான் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

எடுத்ததும் அவள், "திருவிழாவுக்கு வந்துருவியில்ல?" என்று கேட்டாள். வா என்றோ வருவாயா என்றோ அவள் என்னை ஒரு வருஷமும் கேட்டதில்லை.

"வந்துருவேம்மா" என்றேன்.

முழங்காலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.